வந்தவருக்கு ஊர் வேண்டுமா?

மட்டக்களப்பின் கோறளைப்பற்றுப் பக்கம் காணியைப் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசியில் ஒரே குற்றச்சாட்டில் வந்து நிற்கிறது: வெளியிலிருந்து வந்தவர்கள் ஊரை மாற்றிவிட்டார்கள். மயிலத்தமடுவிலும் மாதவனையிலும் பட்டி வைத்திருப்பவருக்கு வெளியார் என்றால் அயல் மாவட்டங்களிலிருந்து வந்து மேய்ச்சல் தரையை உழுதவர். பாசிக்குடா மீனவருக்குக் கரையை மறித்து எழுந்த ஹோட்டல். எல்லை நிர்ணயப் பேச்சு கிளம்பும்போதெல்லாம் வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் அடுத்த தெருவே வெளியாராகிவிடுகிறது. இந்த மூன்று கோபங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் மூன்றுக்கும் நாம் போடுவது ஒரே கணக்கு: எத்தனை பேர் வந்தார்கள், நூற்றுக்கு எத்தனை வீதம் ஆனார்கள். அந்தக் கணக்கு வீண் என்று சொல்ல வரவில்லை. தொகை வாக்காகிறது, வாக்கு அதிகாரமாகிறது. இலங்கையில் இதை அறியாதவர் இல்லை. ஆயினும் வாழைச்சேனையின் கதையை வைத்துப் பார்த்தால் தொகையைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. வந்தவருக்கு இந்த ஊர் தேவைப்பட்டதா? இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே சாமான் வாங்கி, இங்குள்ளவரைக் கூலிக்குப் பிடித்து, கோயிலிலோ பள்ளிவாசலிலோ ஓர் இடம் கேட்டுத்தான் வாழமுடியும் என்ற நிலையில் வந்தாரா? இல்லை, எல்லாவற்றையும் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கினாரா? முதல்வகையில் வந்தவர் ஊரை மாற்றினார், தாமும் மாறினார். இரண்டாம் வகையில் வந்தவர் ஊரின் நடுவே இருந்தும் ஊருக்கு வெளியிலேயே நின்றார். நமது ஆத்திரமும் நியாயமும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியதாகவே இருக்கவேண்டும்.

ஆதிக்குடி யார் என்ற விசாரணையில் இறங்குபவர் முதலில் வாகரை வீதியில் வடக்கே போகவேண்டும். காயான்கேணி, பனிச்சங்கேணி தொடங்கி வெருகல் வரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசி, மீன்பிடித்து, காட்டுக்குள் தேனெடுத்து வாழும் கரையோர வேடரைப் பற்றி 1911ஆம் ஆண்டிலேயே மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் தமது நூலில் தனி அத்தியாயம் எழுதினார்கள். அவர்களை வைத்துப் பார்த்தால் ஏனைய எல்லோருமே பிந்தி வந்தவர்கள். முக்குவர் வந்து திமிலரை வெருகல்வரை துரத்திய கதையும், அந்தச் சண்டையில் உதவிய பட்டாணியர் இங்கேயே பெண் எடுத்துக் காவலாக அமர்ந்த கதையும் மட்டக்களப்பில் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். அதில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பது வேறு விடயம். ஆனால் இங்குள்ள இரண்டு பெரிய சமூகங்களான தமிழரும் முஸ்லிம்களும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதற்கதையே 'வந்தோம்' என்றுதான் தொடங்குகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கதையை விட்டுப் பதிவுக்கு வந்தாலும் அதேதான். போர்த்துக்கேயர் 1626இல் தமது பகுதிகளிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் ஏற்று, அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பதிவு சொல்கிறது. அன்றைய மட்டக்களப்பின் சனத்தொகைக்கு அது சிறிய எண்ணிக்கையாக இருந்திருக்க முடியாது. ஒரே வீச்சில் வந்த அத்தனை பேரை ஒரு நாடு எப்படித் தாங்கிக்கொண்டது?

விடை தாய்வழிக் குடிமுறையில் இருக்கிறது. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்குப் போகின்றன. மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து சேருகிறார். அதாவது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக வந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் ஆண். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வார்கள். கோயிலில் வண்ணக்கர் பதவி குடிவழியே வரும். இதே அமைப்பு முஸ்லிம்களிடமும் வேரூன்றியது, பள்ளிவாசல் மரைக்காயர் நியமனம் உட்பட. அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே உறவுமுறை வார்ப்பைப் பகிர்வதை விரிவாக எழுதியிருக்கிறார். இப்படி ஒரு சமூகத்துக்கு வெளியார் என்பவர் புரியாத பிராணி அல்லர். அவருக்கு ஏற்கனவே ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டதைக் கண்டு, மட்டக்களப்பார் மந்திரம் செய்து ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வடக்கில் ஒரு பேச்சு உண்டு. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சீதனமாக ஒரு வீடும் சில ஏக்கர் வயலும், மாமனார் வழியாக ஊரில் ஒரு மரியாதையும் கிடைத்தால் எவரும் பாயோடு ஒட்டிக்கொள்ளத்தான் செய்வார்.

இதைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. குடிமுறைக்குள் மேல் கீழ் இருந்தது. போடியாருக்கும் அவர் வயலைச் செய்த முல்லைக்காரனுக்கும் இடையே நடந்தது சமத்துவம் அல்ல. வேடருக்கு அந்தப் பந்தியில் கடைசியில்தான் இலை போட்டார்கள், சில வேளை போடவேயில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விடயத்தை: வந்தவர் நுழைய ஒரு வழி இருந்தது, அந்த வழியின் நிபந்தனைகளை ஊர்தான் வைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் வாழைச்சேனைக்கு வந்த பெரிய வரவு காகித ஆலை. சுதந்திரத்துக்குப் பின்னான முதல் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் ஆகியவற்றோடு சேர்த்துத் திட்டமிட்ட ஆலை அது; 1956இல் இயங்கத் தொடங்கியது. அதுவரை வாழைச்சேனை ஒரு புகையிரத நிலையமும் உப்பாறும் மீன்வாடிகளும் கொண்ட இடம். 1928இல் மட்டக்களப்புக்குப் பாதை போட்டபோது வந்த ரயிலும், ரயிலும் லொறியும் மாறி மாறிப் போக ஒரே தளத்தில் கட்டிய ஓட்டமாவடிப் பாலமும் சரக்கைக் கொண்டுவந்தன, கொண்டுபோயின. ஆட்களை இங்கே நிறுத்தி வைக்கவில்லை. ஆலைதான் நிறுத்தி வைத்தது. பொறியியலாளர்கள், மேற்பார்வையாளர்கள், இயந்திரமோட்டிகள் எனச் சிங்களவரும் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் வந்தார்கள். ஆலைக் குடியிருப்பில் பிள்ளைகள் பிறந்து, அக்கம்பக்கப் பாடசாலைகளில் படித்தார்கள். இதைவிட முக்கியமானது மூலப்பொருள். வாழைச்சேனை ஆலை பெருமளவு வைக்கோலை நம்பி இயங்கியது. அறுவடை முடிந்ததும் வயலில் எரிக்கப்பட்டுவந்த சாமானுக்கு விலை வந்தது. வண்டில்காரனுக்கு வேலை, லொறிக்காரனுக்கு ஓட்டம், வைக்கோல் கட்டுபவருக்குக் கூலி. ஆலைக்கு வெளியில் கிரான் தொடக்கம் படுவான்கரை வரை இருந்தவர்களோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் உண்டாயிற்று. அந்த ஆலை அரசாங்கத்தின் சொத்து, கொழும்பின் திட்டம், தலைமை முழுக்க வெளியார். இருந்தும் அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. இன்று அந்த ஊரில் ஐம்பது வயது கடந்தவர்கள் ஆலைக் காலத்தைத் தமது காலம் என்றே பேசுகிறார்கள்.

ஆலை செய்த கெடுதலையும் சொல்லவேண்டும். வைக்கோலை அவித்த கறுப்புக் கழிவுநீர் உப்பாற்றில் கலந்தது. மீன்பிடித்தவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குறையைச் சொல்வதற்கும் வழி இருந்தது, ஏனென்றால் மீன்பிடிப்பவரின் தம்பி ஆலையில் வேலை செய்தான். போர் வந்தது, ஆலை வளாகத்தில் இராணுவம் முகாமிட்டது, இயந்திரங்கள் பழசாகின, வெளிநாட்டுத் தாள் மலிந்தது. ஆலை படுத்துக்கொண்டபோது அதனுடன் ஊரின் ஒரு பகுதியும் படுத்துக்கொண்டது. ஒரு வரவு ஊரோடு எவ்வளவு கலந்திருந்தது என்பதை அது போகும்போது அறியலாம்.

இனி அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே பாசிக்குடா. ஆழமில்லாத, அலையில்லாத அந்தக் குடாவில் போருக்கு முன்பே இரண்டொரு ஹோட்டல்கள் இருந்தன, போரில் அழிந்தன. 2009க்குப் பிறகு அரசாங்கம் அதைச் சுற்றுலா வலயமாக்கி, முதலீட்டாளர்களுக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்தது; 2011இலிருந்து உயர்தர விடுதிகள் வரிசையாக எழுந்தன. கணக்குப் பார்த்தால் இங்கே நிரந்தரமாக வந்து குடியேறியவர் மிகக் குறைவு. விருந்தாளி மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிறார். முகாமையாளர் மாற்றலாகிப் போகிறார். வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர்கூட ஏறுவதில்லை. வீதக் கணக்குப் பார்ப்பவருக்குப் பாசிக்குடா ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கல்குடா, பேத்தாழை மீனவரின் வாழ்க்கையை அது மாற்றியதுபோல் எந்தக் குடியேற்றமும் மாற்றவில்லை. தோணி ஏற்றும் கரை சுருங்கியது, வாடி அடிக்கும் இடம் தள்ளிப்போனது, கரைவலை இழுத்த நீளம் துண்டுபட்டது. வகீஷா குணசேகர, மீரா பிலிப்ஸ், விஜய் நாகராஜ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட பாசிக்குடா ஆய்வு, விருந்தோம்பலையும் புறந்தள்ளலையும் ஒன்றாக நிறுத்தித்தான் தலைப்பே வைத்தது. கரைக்குப் போகும் வழியில் மீனவருக்கு ஏற்பட்ட நெருக்கடியும், ஹோட்டல் வேலைக்குப் போகும் உள்ளூர்ப் பெண்கள் சுமக்கும் அவப்பெயரும் அதில் பேசப்படுகின்றன.

ஹோட்டலால் வேலை கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். கிடைத்தது. தோட்டவேலை, துப்புரவு, காவல், கொஞ்சம் சமையலறை, முச்சக்கரவண்டி ஓட்டம். இவற்றை இழிவாக நினைப்பவன் அல்லன் நான். போர் முடிந்த ஒரு பிரதேசத்தில் மாதச் சம்பளம் பெரிய விடயம். ஆனால் காகித ஆலையும் கூலிவேலை தந்ததுதான். வேறுபாடு என்னவென்றால், வைக்கோல் இல்லாமல் ஆலை ஓடாது. பாசிக்குடா விடுதி ஒன்று கல்குடா மீன் இல்லாமலும் கிரான் மரக்கறி இல்லாமலும் நன்றாகவே ஓடும்; குளிரூட்டிய லொறி கொழும்பிலிருந்து வரும். உள்ளூர்க்காரர் முரண்டு பிடித்தால் வேறு மாவட்டத்திலிருந்து ஆள் வருவார். தேவை ஒருபக்கமாக இருக்கும் இடத்தில் பேரம் பேச முடியாது, பேரம் பேச முடியாத இடத்தில் உறவும் வளராது.

பாசிக்குடாவைப் போலவே இரண்டாம் வகையைச் சேர்ந்த இன்னொரு வரவில் அரசு நேரடியாக ஆளைக் கொண்டுவந்து இறக்குகிறது, அல்லது இறங்கியவரின் பின்னால் நிற்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தெற்கை எப்படி மாற்றியது என்பதை 1956 ஜூன் கலவரமும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதும் சொல்லும். 1881இன் குடிசன மதிப்பீட்டில் கிழக்கு மாகாணத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த சிங்களவர் 2012இல் ஏறத்தாழ 23 வீதம். 1983 கலவரத்துக்குப் பிறகு சில மாதங்களில் மாதுறு ஓயா வலதுகரையில் பல்லாயிரம் சிங்களக் குடியேற்றவாசிகள் இறக்கப்பட்டார்கள். இதை எதிர்த்து அமைச்சரவைக்குள் குரல் கொடுத்தவர் கல்குடாத் தொகுதியின் ஐக்கிய தேசியக் கட்சி அமைச்சர் கே.டபிள்யூ. தேவநாயகம். பின்னர் அந்தக் குடியேற்றவாசிகள் வெளியேற்றப்பட்டார்கள். இந்தக் குடியேற்ற நடவடிக்கையில் பங்கெடுத்த மலிங்க ஹேர்மன் குணரத்ன 1988இல் வெளியிட்ட தமது நூலில் அதன் நோக்கத்தை மறைக்கவேயில்லை. காணியில்லாத ஏழைக்குக் காணி என்பதற்கு அப்பால், தமிழ்ப் பிரதேசத்தின் தொடர்ச்சியை அறுப்பது அங்கே குறிக்கோளாக இருந்தது.

மயிலத்தமடு, மாதவனைப் பிரச்சினையை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பண்ணையாளர் பார்க்கிறார்கள். அதில் பிழை காண முடியாது. பெரும்போகம் தொடங்கியதும் மாடுகள் வேளாண்மையில் இறங்காதபடி அவற்றை வயல்வெளியிலிருந்து அப்பால் கொண்டுபோய் விடவேண்டும். அறுவடை முடிந்தபின் கொண்டுவரலாம். மேய்ச்சல் தரை என்பது வெறும் புல்வெளி அல்ல. உழுபவனுக்கும் பட்டிக்காரனுக்கும் இடையே தலைமுறைகளாக இருந்துவரும் ஓர் உடன்படிக்கை அது. அயல் மாவட்டத்திலிருந்து வந்து அந்தத் தரையை உழுதவருக்கு இந்த உடன்படிக்கையில் எந்தப் பங்கும் இல்லை, அது முறிந்தால் அவருக்கு நட்டமும் இல்லை. மாடுகள் சுடப்பட்டும் மின்சாரம் தாக்கியும் இறந்ததாக முறையிட்ட பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஆண்டைக் கடந்தும் நீண்டது. ஒரு கிராமத்தார் பக்கத்துக் கிராமத்தாருடன் காணிக்குச் சண்டையிட்டால் மத்தியஸ்தம் பேச இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவராவது கிடைப்பார். இங்கே அப்படி எவரும் இல்லை.

இதற்கு எழும் முதலாவது மறுப்பு வலுவானது. இலங்கைப் பிரசை இலங்கையில் எங்கும் குடியிருக்கலாம். கொழும்பில் வெள்ளவத்தையில் தமிழர் வீடு வாங்கலாம் என்றால் மாதுறு ஓயாவில் சிங்களவர் ஏன் காணி பெறக்கூடாது? வெள்ளவத்தையில் வீடு வாங்கியவர் சந்தை விலை கொடுத்து வாங்கினார், அங்குள்ள அயலவரோடு ஒத்துப்போகாமல் அவருக்கு விமோசனம் இல்லை. அரச காணியை அரசே தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு, அரசே பாதுகாப்புக் கொடுத்துப் பிரித்துக் கொடுப்பது வேறு காரியம். பிரசையின் நடமாட்ட உரிமைக்கும் அரசின் காணிக் கொள்கைக்கும் உள்ள இந்த வேறுபாடு புதிய கண்டுபிடிப்பல்ல. 1965இல் டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் செய்த உடன்பாட்டில் வடக்குக் கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் முதலிடம் அந்த மாவட்டத்தின் காணியில்லாதவருக்கு, அடுத்தது வடக்குக் கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோருக்கு, அதன் பிறகே ஏனைய பிரசைகளுக்கு என்று வரிசை போடப்பட்டது. யாரும் வரக்கூடாது என்று அது சொல்லவில்லை. வருவதற்கு ஒரு முறை சொன்னது. நிறைவேறாமல் போனதுதான் நமது கதை.

இரண்டாவது மறுப்பு என் வாதத்தின் நடுவிலேயே கை வைக்கிறது. ஒருவர் ஒருவருக்குத் தேவையாக இருந்தால் ஒட்டுவார்கள் என்கிறீர்களே, நானூறு ஆண்டுகள் ஒருவர் வயலில் மற்றவர் வேலை செய்து, ஒருவர் கடையில் மற்றவர் வாங்கி வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் 1985இலும் 1990இலும் வெட்டிக்கொள்ளவில்லையா? போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த 2002 ஜூனிலேயே வாழைச்சேனையில் கடைகள் எரியவில்லையா? எரிந்தன. ஆயுதத்தின் முன் கொடுக்கல் வாங்கல் நிற்காது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தேவை அன்பைத் தராது, விலை பேசியே ஆகவேண்டிய கட்டாயத்தைத்தான் தரும்; துப்பாக்கி வைத்திருப்பவன் விலை பேசவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வன்முறைக்குப் பிறகும் இரு தரப்பும் கண்ட பரிகாரத்தைப் பாருங்கள். உன் சந்தை உனக்கு, என் சந்தை எனக்கு. தனிப் பாடசாலை, தனிப் பிரதேச சபை, தனிப் பிரதேச செயலகம். ஒரு கோறளைப்பற்று இன்று ஐந்து செயலகப் பிரிவுகளாக இருக்கிறது. வாழைச்சேனை நகருக்குள்ளேயே இரண்டு. நிர்வாக வசதியும் பயமும் சேர்ந்து இதை உண்டாக்கின, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆயினும் நடைமுறையில் நாம் செய்தது, பழைய அயலவரைப் புதிய வெளியாராக மாற்றியது. ஒருவருக்கொருவர் தேவையில்லாமல் வாழ வழிசெய்துகொண்ட இரு சமூகங்களுக்கு இடையில் மிஞ்சுவது எல்லைக்கோட்டுச் சண்டைதான். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் மட்டும் பல சமூகத்தாரும் இன்னமும் ஒரே ஏலத்தில் நிற்கிறார்கள். மீனுக்கு எல்லை நிர்ணயம் இல்லையே.

மூன்றாவது விடயத்தை மறுப்பாக யாரும் கொண்டுவருவதில்லை, ஆகவே நானே சொல்கிறேன். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து கிழக்குக்கு வந்தவர்களுக்கு இந்த ஊர் உயிருக்குச் சமமாகத் தேவைப்பட்டது. மொழி ஒன்று, தெய்வம் ஒன்று. அவர்களுக்கு நாம் என்ன இருக்கை போட்டோம்? காட்டோரக் காணியும் கூலிவேலையும் 'தோட்டக்காட்டான்' என்ற பட்டமும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தின் அருகே ஒரு சிறு குடியிருப்பை ஆராய்ந்து நோர்பர்ட் இலியாசும் ஜோன் ஸ்கொட்சனும் 1965இல் ஒரு நூல் எழுதினார்கள். அங்கே பழையவரும் புதியவரும் ஒரே இனம், ஒரே வர்க்கம், ஒரே மாதிரி வேலை. வித்தியாசம் யார் முந்தி வந்தார் என்பது மட்டுமே. அதுவே போதுமாயிருந்தது, பழையவர்கள் ஒன்றுகூடி வம்பு பேசிப் புதியவரை இழிந்தவராக்க. தேவையோடு வருபவரிடம் ஊருக்கு அதிகாரம் இருக்கிறது என்று நான் மேலே எழுதியதன் மறுபக்கம் இது. அந்த அதிகாரத்தை நாம் எப்படிப் பயன்படுத்தினோம் என்று கேட்டால் விடை பெருமைப்படும்படியாக இல்லை. டொரொண்டோவில் நமது பிள்ளைகளுக்குக் கிடைத்த இடத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் வாய் வாகரை வீதியோரக் குடிசையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே வருகையை நிறுத்து என்ற கோரிக்கை நடக்காததும் நியாயமற்றதும் ஆகும். வருகையின் நிபந்தனையைப் பேசும் இடத்தில் ஊருக்கு ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை இரண்டும் அல்ல. பாசிக்குடாக் குத்தகைகளில் தோணி ஏற்றும் கரையும் உள்ளூர்க் கொள்வனவும் எழுத்தில் ஏறவேண்டும். மயிலத்தமடு, மாதவனையை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் பிரகடனம் செய்து, உழுவோர் வருவதானால் பட்டிக்காரரின் சம்மதத்தோடு வரட்டும். ஐந்து செயலகங்களும் பிரிந்தே இருக்கட்டும். உப்பாறும் துறைமுகமும் நீர்ப்பாசனமும் ஒரே பொதுச்சபையின் கீழ் வரவேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது, அதன்பிறகு பல ஆண்டுகளாக அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. இவை இரண்டும் இல்லாதவரை கோறளைப்பற்றின் சார்பில் பேச அரசியலமைப்பு ஒதுக்கிய கதிரைகள் வெறுமையாகவே இருக்கும். அந்தக் கதிரைகள் நிரம்பும் நாளில் அங்கே தமிழரும் முஸ்லிம்களும் தமக்குள் வரிசை பேசுவார்கள் என்பது நிச்சயம். பனிச்சங்கேணிக் கரையிலிருக்கும் வேடரில் ஒருவரை முன்வரிசைக்கு அழைப்பது யார் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது.